சதுரங்கம் ஆடலாம் வாருங்கள்

கேரள மாநிலத்தில் திருச்சூர் மாவட்டம் இருக்கிறது. அந்த மாவட்டத்தில் மரோட்டிச்சால் என்று ஓர் ஊர் உண்டு. காட்டை ஒட்டிய சிறிய ஊர். அந்த ஊரின் டீக்கடைக்குப் போனால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். மேசை மேல் சதுரங்கப் பலகை விரித்திருக்கும். இரண்டு பேர் ஆடிக்கொண்டிருப்பார்கள். நாலு பேர் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். கூலி வேலை செய்கிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், பள்ளிக்கூடப் பிள்ளை, வயதான பாட்டி என்று எல்லாருக்கும் அங்கே ஆட்டம் தெரியும்.

அந்த ஊர் எப்போதும் அப்படி இருக்கவில்லை. ஒரு காலத்தில் அங்கே கள்ளச்சாராயம் காய்ச்சினார்கள். சீட்டாட்டத்தில் பணம் வைத்து ஆடினார்கள். கூலிப் பணம் வீட்டுக்கு வரவில்லை. வீடுகளில் சண்டை நடந்தது. அந்த ஊர் இளைஞர் ஒருவர் பக்கத்து ஊரில் சதுரங்கம் கற்றுக்கொண்டார். பிறகு தம் ஊராருக்குச் சொல்லித் தர ஆரம்பித்தார். கேட்டவர்களுக்கெல்லாம் காசு வாங்காமல் கற்றுத் தந்தார். மாலை நேரத்தில் சாராயம் தேடிப் போனவர்களில் பலர் பலகையைத் தேடி வந்தார்கள்.

சதுரங்கம் ஒன்றே குடியை ஒழித்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் வேலை முடிந்து வருகிறவருக்கு உட்கார ஓர் இடம் வேண்டும். பேச நாலு பேர் வேண்டும். மனம் ஒன்றிச் செய்ய ஒரு காரியம் வேண்டும். மரோட்டிச்சாலில் சதுரங்கம் இந்த மூன்றையும் தந்தது.

புதிதாகக் கற்கிறவர்கள் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளும் பதில்களும் இதோ.

இது வெளிநாட்டு ஆட்டமா?

இல்லை. சதுரங்கம் இந்தியாவில் பிறந்தது. ஏறக்குறைய 1,400 ஆண்டுகளுக்கு முன்பே வட இந்தியாவில் இதை ஆடினார்கள். 'சதுர்' என்றால் நான்கு. 'அங்கம்' என்றால் உறுப்பு. யானைப்படை, குதிரைப்படை, தேர்ப்படை, காலாட்படை ஆகிய நான்கும் அந்தக் காலப் படையின் உறுப்புகள். அதனால்தான் 'சதுரங்கம்' என்று பெயர் வந்தது.

இங்கிருந்து ஆட்டம் பாரசீகத்துக்குப் போனது. அங்கிருந்து அரபு நாடுகளுக்குப் போனது. பிறகு ஐரோப்பாவுக்குப் போனது. பாரசீக மொழியில் 'ஷா' என்றால் அரசன். 'ஷா மாத்' என்றால் அரசன் வழியில்லாமல் நிற்கிறான் என்று பொருள். அந்தச் சொல்தான் மாறி 'செக்மேட்' ஆனது.

பலகை வாங்கக் காசு இல்லை. என்ன செய்வது?

பலகை வாங்க வேண்டியதில்லை. தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் போடலாம். அட்டையில் வரையலாம். குறுக்கே 8 கட்டம், நெடுக்கே 8 கட்டம். மொத்தம் 64 கட்டங்கள். ஒன்று விட்டு ஒன்று கறுப்பாகத் தீட்டிக்கொள்ளுங்கள்.

காய்களுக்கு 32 சோடா மூடி போதும். மூடிக்குள் வெள்ளைத் தாளை வட்டமாக வெட்டி ஒட்டுங்கள். அதில் எழுத்துகளை எழுதுங்கள். ராஜாவுக்கு 'ஜா' என்று எழுதுங்கள். ராணிக்கு 'ணி' என்று எழுதுங்கள். யானைக்கு 'யா', மந்திரிக்கு 'ம', குதிரைக்கு 'கு', சிப்பாய்க்கு 'சி' என்று எழுதுங்கள். ஒருவருக்கு ஒரு ராஜா, ஒரு ராணி, 2 யானை, 2 மந்திரி, 2 குதிரை, 8 சிப்பாய் வேண்டும். ஆக 16 காய். ஒருவர் காய்களை நீல மையிலும் மற்றவர் காய்களைச் சிவப்பு மையிலும் எழுதினால் குழப்பம் வராது. ஆனால் பேச்சில் ஒன்றை 'வெள்ளை' என்றும் மற்றதைக் 'கறுப்பு' என்றும் சொல்வது வழக்கம்.

காய்களை எப்படி அடுக்குவது?

முதலில் பலகையைச் சரியாக வையுங்கள். உங்கள் வலது கை ஓரத்தில் உள்ள மூலைக் கட்டம் வெள்ளையாக இருக்க வேண்டும்.

உங்களுக்கு அருகில் உள்ள முதல் வரிசையில் பெரிய காய்கள் நிற்கும். இரண்டு மூலையிலும் யானை. யானைக்குப் பக்கத்தில் குதிரை. குதிரைக்குப் பக்கத்தில் மந்திரி. நடுவில் ராஜாவும் ராணியும். ராணி தன் நிறக் கட்டத்தில் நிற்பாள். வெள்ளை ராணிக்கு வெள்ளைக் கட்டம். கறுப்பு ராணிக்குக் கறுப்புக் கட்டம். இப்படி வைத்தால் இரண்டு ராணிகளும் நேருக்கு நேர் நிற்கும். இரண்டாவது வரிசையில் 8 சிப்பாய்கள்.

எந்தக் காய் எப்படி நகரும்?

ராஜா எந்தப் பக்கமும் போவார். ஆனால் ஒரு கட்டம் மட்டும்தான்.

ராணி நேராகவும் போவாள், குறுக்காகவும் போவாள். மூலைவாட்டிலும் போவாள். வழியில் தடை இல்லாத வரை எத்தனை கட்டம் வேண்டுமானாலும் போகலாம்.

யானை நேராகவும் குறுக்காகவும் மட்டும் போகும். மூலைவாட்டில் போகாது.

மந்திரி மூலைவாட்டில் மட்டும் போவார். வெள்ளைக் கட்டத்தில் தொடங்கிய மந்திரி கடைசி வரை வெள்ளைக் கட்டத்திலேயே இருப்பார்.

குதிரை போகும் வழி தனி. 'ட' என்ற எழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நேராக இரண்டு கட்டம், பிறகு பக்கவாட்டில் ஒரு கட்டம். 'ட' எழுத்தை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் சரி. குதிரை மட்டும் மற்றக் காய்களைத் தாண்டிக் குதிக்கும். வேறு எந்தக் காயும் தாண்டாது.

சிப்பாய் முன்னால் மட்டும் போவார். பின்னால் வரமாட்டார். ஒரு தடவைக்கு ஒரு கட்டம். முதல் தடவை மட்டும் விரும்பினால் இரண்டு கட்டம் போகலாம்.

எதிரியின் காய் நிற்கும் இடத்துக்கு உங்கள் காய் போனால் அந்தக் காய் வெட்டுப்பட்டது. அதைப் பலகையிலிருந்து எடுத்துவிட வேண்டும். சிப்பாய் மட்டும் இதில் மாறுபடுவார். அவர் நடப்பது நேராக. வெட்டுவது மூலைவாட்டில் ஒரு கட்டம். நேர் எதிரே வேறு காய் நின்றால் சிப்பாயால் நகர முடியாது.

எப்போதும் வெள்ளைக்காரர்தான் முதலில் ஆட வேண்டும். பிறகு மாற்றி மாற்றி ஆட வேண்டும். 'இந்தத் தடவை ஆடவில்லை' என்று விட்டுக்கொடுக்க முடியாது.

ஊருக்கு ஊர் காய்களின் பெயர் மாறுகிறதே?

ஆம், மாறும். தமிழில் மூலைவாட்டில் போகும் காயை மந்திரி என்கிறோம். மலையாளத்தில் அதே காயை ஆனை என்கிறார்கள். நமது ராணியை அவர்கள் மந்திரி என்கிறார்கள். நமது யானை அவர்களுக்குத் தேர். இந்தியில் ராணிக்கு வஜீர் என்று பெயர். மூலைவாட்டில் போகும் காய் அவர்களுக்கு ஒட்டகம்.

வேலை தேடி வெளி மாநிலம் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. பெயர்தான் வேறு. நடை ஒன்றுதான். மொழி தெரியாத ஒருவரோடும் பலகையில் உட்கார்ந்து ஆடலாம்.

செக் என்றால் என்ன? செக்மேட் என்றால் என்ன?

எதிரியின் ராஜாவை அடுத்த தடவை வெட்டலாம் என்ற நிலையில் உங்கள் காய் நிற்கிறது. இதுதான் 'செக்'. செக் வந்தால் ராஜாவை உடனே காப்பாற்ற வேண்டும். வேறு எந்தக் காயையும் பார்க்கக் கூடாது. காப்பாற்ற மூன்று வழி உண்டு. ஒன்று, ராஜா வேறு கட்டத்துக்கு விலகலாம். இரண்டு, நடுவில் ஒரு காயை வைத்து மறிக்கலாம். மூன்று, செக் வைத்த காயை வெட்டலாம். குதிரை வைக்கும் செக்கை மறிக்க முடியாது. அது தாண்டிக் குதிக்கும் அல்லவா?

மூன்று வழியும் அடைபட்டால் அது 'செக்மேட்'. ஆட்டம் முடிந்தது. ராஜாவை யாரும் வெட்டுவதில்லை. வழி அடைபட்டாலே தோல்வி.

ராஜா தானாகப் போய் செக்கில் நிற்கவும் கூடாது. அதனால் இரண்டு ராஜாக்களும் அடுத்தடுத்த கட்டத்தில் நிற்கவே முடியாது.

எதிரிக்கு ஆட வழியில்லை. ஆனால் செக்கும் இல்லை. யார் வென்றார்?

யாரும் வெல்லவில்லை. ஆட்டம் சமம். புதியவர்கள் பலர் வெல்ல வேண்டிய ஆட்டத்தை இந்த இடத்தில்தான் கோட்டைவிடுகிறார்கள்.

ஒரு எடுத்துக்காட்டு பார்க்கலாம். கறுப்பு ராஜா ஒரு மூலையில் தனியாக நிற்கிறார். அவருக்கு வேறு காய் எதுவும் இல்லை. வெள்ளையிடம் ராணி இருக்கிறாள். பக்கத்தில் வெள்ளை ராஜாவும் இருக்கிறார். வெள்ளை ராணி மூலையிலிருக்கும் ராஜாவுக்கு மூலைவாட்டில் ஒட்டி வந்து நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் வெள்ளை ராஜா காவல் நிற்கிறார். இது செக்மேட். வெள்ளைக்கு வெற்றி.

அதே ராணி ஒரு கட்டம் முன்பாகவே நின்றுவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது மூலை ராஜாவிலிருந்து குதிரை நடைத் தூரத்தில் நிற்கிறாள். இப்போது ராஜாவுக்குச் செக் இல்லை. ஆனால் சுற்றியுள்ள மூன்று கட்டமும் ராணியின் பார்வையில் இருக்கின்றன. ராஜாவால் நகர முடியாது. ஆட்டம் சமம். ஒரே ஒரு கட்டம்தான் வித்தியாசம். வெற்றி கைநழுவிப் போயிற்று.

ஆகவே எதிரியிடம் ராஜா மட்டும் மிஞ்சும்போது அவசரப்படாதீர்கள். 'நான் இதை ஆடினால் அவருக்கு நகர ஒரு கட்டமாவது இருக்குமா?' என்று பாருங்கள்.

வேறு எப்போது ஆட்டம் சமமாகும்?

இருவரும் பேசிச் சமம் என்று ஒத்துக்கொள்ளலாம். பலகையில் இரண்டு ராஜாக்கள் மட்டும் மிஞ்சினால் சமம். ஒரே நிலை மூன்று தடவை திரும்ப வந்தால், ஆடுகிறவர் சமம் என்று கேட்கலாம். இருவரும் 50 தடவை ஆடியும் ஒரு காய் கூட வெட்டுப்படவில்லை, ஒரு சிப்பாய் கூட நகரவில்லை என்றாலும் கேட்கலாம்.

சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனால் என்ன ஆகும்?

அங்கே போன சிப்பாய் பதவி உயர்வு பெறுவார். ராணியாக மாறலாம். யானை, மந்திரி, குதிரை ஆகவும் மாறலாம். ராஜாவாக மட்டும் மாற முடியாது. சிப்பாயாகவே இருக்கவும் முடியாது. பலகையில் ஏற்கெனவே ராணி இருந்தாலும் இன்னொரு ராணி வரலாம். அதனால் சிப்பாய்தானே என்று அலட்சியமாக இருக்காதீர்கள்.

ராஜாவும் யானையும் ஒரே தடவையில் நகர்கின்றனவே? அது என்ன?

அதற்குக் கோட்டை கட்டுதல் என்று பெயர். ராஜா யானை இருக்கும் பக்கமாக இரண்டு கட்டம் போவார். யானை அவரைத் தாண்டி அவருக்கு மறுபக்கம் ஒட்டி வந்து நிற்கும். ராஜா நடுவிலிருந்து ஒதுங்கிப் பாதுகாப்பாக நிற்பதற்காக இந்த ஏற்பாடு.

இதற்கு நிபந்தனைகள் உண்டு. ராஜாவும் அந்த யானையும் அதுவரை ஒரு தடவை கூட நகர்ந்திருக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் வேறு காய் இருக்கக் கூடாது. ராஜாவுக்கு அப்போது செக் இருக்கக் கூடாது. ராஜா கடக்கும் கட்டமும் போய் நிற்கும் கட்டமும் எதிரியின் பார்வையில் இருக்கக் கூடாது.

பக்கத்தில் நின்ற சிப்பாயை என் எதிரி வெட்டினார். இது நியாயமா?

நியாயம்தான். இது பலருக்குத் தெரியாத விதி. இதனால் சண்டை கூட வரும். உங்கள் சிப்பாய் முதல் தடவையிலேயே இரண்டு கட்டம் தாண்டி, எதிரியின் சிப்பாய்க்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. அது ஒரு கட்டம் மட்டும் போயிருந்தால் எதிரியின் சிப்பாய் அதை வெட்டியிருக்கும். இரண்டு கட்டம் தாண்டித் தப்பிக்கப் பார்த்தது. அதனால் ஒரு கட்டம் போனதாகக் கருதி எதிரியின் சிப்பாய் அதை வெட்டலாம். ஆனால் உடனே அடுத்த தடவையில் வெட்ட வேண்டும். ஒரு தடவை விட்டுவிட்டால் அந்த உரிமை போய்விடும்.

எங்கள் தாத்தா வேறு விதமாக ஆடுவார். எது சரி?

தாத்தா ஆடியதும் தவறில்லை. அது பழைய இந்திய முறை. அதில் சிப்பாய் முதல் தடவையும் ஒரு கட்டம்தான் போவார். கோட்டை கட்டுதல் இப்போது உள்ளதுபோல் இல்லை. அதற்குப் பதிலாக ராஜா ஒரே ஒரு தடவை குதிரை போலக் குதிப்பார்.

இன்னும் பழைய காலத்தில் ராணியே கிடையாது. அந்த இடத்தில் அமைச்சர் நின்றார். அவர் மூலைவாட்டில் ஒரே கட்டம்தான் போவார். பிறகு ஐரோப்பாவில் அந்தக் காயை ராணியாக்கினார்கள். ஏறக்குறைய 500 ஆண்டுகளுக்கு முன் அதற்கு இன்றுள்ள பலத்தையும் கொடுத்தார்கள்.

இன்று உலகம் முழுவதும் ஒரே விதிதான். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1924இல் தொடங்கியது. போட்டிக்குப் போகிறவர்கள் அதன் விதிகளைத்தான் பின்பற்ற வேண்டும். வீட்டுத் திண்ணையில் எந்த முறையிலும் ஆடலாம். ஆனால் ஆட்டம் தொடங்கும் முன்பே 'எந்த முறை?' என்று பேசிக்கொள்ளுங்கள். பாதி ஆட்டத்தில் பேசினால் சண்டைதான் வரும்.

தொட்ட காயைத்தான் ஆட வேண்டுமா?

போட்டியில் ஆம். ஆடும் எண்ணத்தோடு காயைத் தொட்டால் அதைத்தான் ஆட வேண்டும். எதிரியின் காயைத் தொட்டால் வெட்ட முடியுமானால் வெட்டத்தான் வேண்டும். கையை எடுத்த பிறகு திரும்ப எடுக்க முடியாது. வீட்டிலும் இந்தப் பழக்கத்தை வைத்துக்கொள்வது நல்லது. யோசித்துவிட்டுக் கை வைப்போம்.

நான் எப்போதும் தோற்கிறேன். எப்படி ஆடினால் ஜெயிக்கலாம்?

முதலில் காய்களின் மதிப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். சிப்பாய்க்கு 1. குதிரைக்கு 3. மந்திரிக்கு 3. யானைக்கு 5. ராணிக்கு 9. ராஜாவுக்கு மதிப்பே போட முடியாது. அவர் போனால் எல்லாம் போயிற்று. சிப்பாயைக் கொடுத்து யானையை வாங்கினால் லாபம். யானையைக் கொடுத்து மந்திரியை வாங்கினால் நஷ்டம். சந்தைக் கணக்கு போலத்தான்.

இரண்டாவது, நடுவைப் பிடியுங்கள். பலகையின் நடுவில் 4 கட்டங்கள் இருக்கின்றன. அங்கே நிற்கும் காய்க்குப் பலம் அதிகம். குதிரையை நடுவில் வைத்தால் 8 கட்டத்துக்குப் போகலாம். மூலையில் வைத்தால் 2 கட்டத்துக்குத்தான் போகலாம். அதே குதிரைதான். நிற்கும் இடம்தான் வேறு. ஆகவே முதலில் நடுச் சிப்பாய்களை நகர்த்துங்கள்.

மூன்றாவது, எல்லாக் காய்களையும் வேலைக்குக் கொண்டுவாருங்கள். குதிரைகளையும் மந்திரிகளையும் முதலில் வெளியே எடுங்கள். ஒரே காயைத் திரும்பத் திரும்ப நகர்த்தாதீர்கள். நாலு பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவரே செய்தால் வேலை நடக்குமா? ராணியை ஆரம்பத்திலேயே வெளியே கொண்டுவராதீர்கள். சின்னக் காய்கள் துரத்தும். ராணி ஓடிக்கொண்டே இருப்பாள்.

நான்காவது, சீக்கிரம் கோட்டை கட்டி ராஜாவைப் பத்திரப்படுத்துங்கள்.

ஐந்தாவது மிக முக்கியம். எதிரி ஒரு காயை நகர்த்தியதும் உங்களையே கேளுங்கள். 'இவர் ஏன் இதை ஆடினார்? எதை வெட்டப் பார்க்கிறார்?' புதியவர்கள் தாங்கள் செய்யப் போவதை மட்டும் யோசிக்கிறார்கள். எதிரே இருப்பவரும் யோசிக்கிறார் என்பதை மறந்துவிடுகிறார்கள். பாதித் தோல்விக்கு இதுதான் காரணம்.

நாலே தடவையில் தோற்றுவிட்டேன். அது எப்படி?

அது ஒரு பழைய தந்திரம். ராஜாவுக்கு அருகில் உள்ள மந்திரியின் முன்னால் ஒரு சிப்பாய் நிற்கிறது. ஆரம்பத்தில் அந்தச் சிப்பாய்க்கு ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லை. எதிரி அதைக் குறிவைக்கிறார். முதலில் ராஜாவின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துவார். அடுத்து மந்திரியை வெளியே எடுப்பார். அடுத்து ராணியைப் பலகையின் ஓரத்துக்குக் கொண்டுவருவார். மந்திரியும் ராணியும் சேர்ந்து அந்தச் சிப்பாயைப் பார்க்கும். நீங்கள் கவனிக்காவிட்டால் நாலாவது தடவையில் ராணி அந்தச் சிப்பாயை வெட்டும். செக்மேட்.

தடுப்பது எளிது. நீங்களும் முதலில் ராஜாவின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துங்கள். அடுத்து ராணிப் பக்கத்துக் குதிரையை நடுவை நோக்கி எடுங்கள். அது உங்கள் நடுச் சிப்பாய்க்குக் காவல். எதிரியின் ராணி ஓரத்துக்கு வந்ததும், ராஜாப் பக்கத்துக் குதிரையின் முன்னுள்ள சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்துங்கள். அது ராணியின் வழியை மறிக்கும். ராணியை வெட்டவும் பார்க்கும். ராணி ஓட வேண்டும். அது வேறு வழியில் வந்து மறுபடி குறிவைத்தால், ராஜாப் பக்கத்துக் குதிரையை நடுவை நோக்கி எடுத்து மறித்துவிடுங்கள். எதிரியின் தந்திரம் வீணாயிற்று. உங்கள் இரண்டு குதிரைகளும் வெளியே வந்துவிட்டன. இப்போது உங்கள் கைதான் ஓங்கி இருக்கிறது.

சதுரங்கம் ஆட எழுத்து தெரிய வேண்டுமா?

ஆட மட்டும் என்றால் தெரிய வேண்டியதில்லை. ஆனால் எழுத்து தெரிந்தால் ஆட்டம் வளரும். பலகையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர் உண்டு. வெள்ளைக்காரரின் இடது கைப் பக்கம் தொடங்கி வலது பக்கம் வரை ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்று 8 எழுத்து. அவருக்கு அருகிலிருந்து மேலே 1 முதல் 8 வரை எண். 'இ4' என்றால் இ என்ற பத்தியில் நாலாவது கட்டம். இந்த 8 எழுத்தும் 8 எண்ணும் தெரிந்தால் போதும். எந்த ஆட்டத்தையும் தாளில் எழுதி வைக்கலாம். செய்தித்தாளில் வரும் ஆட்டத்தை வீட்டுப் பலகையில் ஆடிப் பார்க்கலாம். தோற்ற ஆட்டத்தை எழுதி வைத்தால் எங்கே தவறினோம் என்று மறுநாள் பார்க்கலாம்.

மீர் சுல்தான் கான் என்பவரின் கதை இதைச் சொல்லும். அவர் பஞ்சாப் கிராமத்தில் பிறந்தவர். அந்த இடம் இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. பழைய இந்திய முறையில்தான் ஆடப் பழகினார். பிறகுதான் புதிய விதிகளைக் கற்றார். 1929இல் இங்கிலாந்து போனார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தை வென்றார். 1932இலும் 1933இலும் மறுபடி வென்றார். முன்னாள் உலகச் சாம்பியனான காபபிளாங்காவையும் ஓர் ஆட்டத்தில் தோற்கடித்தார்.

அவர் சதுரங்க நூல்களைப் படித்து வளர்ந்தவர் அல்லர். ஆட்டத்தை எப்படித் தொடங்குவது என்று மற்றவர்கள் நூல்களில் படித்திருந்தார்கள். அவரோ தொடக்கத்தில் தடுமாறுவார். பிறகு தம் சொந்த மூளையால் ஆட்டத்தைத் தூக்கி நிறுத்துவார். 1966இல் அவர் காலமானார். உலகக் கூட்டமைப்பு 2024இல்தான் அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது. அவர் கையில் நல்ல நூல்களும் கிடைத்திருந்தால் இன்னும் எவ்வளவு உயரம் போயிருப்பார்!

பெண்கள் ஆடலாமா?

இதைக் கேட்க வேண்டியதே இல்லை. ஆனால் ஒரு காலத்தில் கேட்டார்கள். மும்பையைச் சேர்ந்த ரோகிணி காடில்கர் 1976இல் ஆண்கள் ஆடும் தேசியப் போட்டியில் ஆடினார். அப்போது அவருக்கு 13 வயது. எதிர்ப்பு கிளம்பியது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் உலகக் கூட்டமைப்பின் தலைவர் மாக்ஸ் யூவ், பெண்களைப் போட்டியிலிருந்து விலக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார்.

அந்தக் கதவு திறந்த பிறகு பலர் வந்தார்கள். ஆந்திராவின் கோனேரு ஹம்பி 2002இல் தம் 15ஆம் வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். நாகபுரியின் திவ்யா தேஷ்முக் 2025இல் பெண்கள் உலகக் கோப்பையை வென்றார். இறுதி ஆட்டத்தில் அவர் வென்றது ஹம்பியைத்தான்.

1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனவர் விசுவநாதன் ஆனந்த். பிறகு அவர் உலகச் சாம்பியனும் ஆனார். அவருக்கு 6 வயதில் ஆட்டத்தைச் சொல்லித் தந்தவர் யார் தெரியுமா? அவருடைய அம்மா. 2024இல் 18 வயது குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். ஒரு வீட்டில் அம்மா கற்றால் பிள்ளையும் கற்கும்.

பணம் வைத்து ஆடலாமா?

வேண்டாம். பணம் வந்தால் சதுரங்கமும் சீட்டாட்டமாகிவிடும். மரோட்டிச்சால் மக்கள் எதிலிருந்து வெளியே வந்தார்களோ, அதற்குள்ளேயே திரும்பப் போனதாகிவிடும். தோற்றவர் அடுத்த டீயைச் சொல்லட்டும். அதோடு போதும்.

தோற்றால் வெட்கப்படவும் வேண்டாம். 50 வயதுக்காரரை 10 வயதுப் பிள்ளை தோற்கடிக்கும். பலகையில் வயது இல்லை. சாதி இல்லை. பணக்காரர், ஏழை இல்லை. இருவருக்கும் 16 காய்தான். ஆட்டம் முடிந்ததும் ராஜாவும் சிப்பாயும் ஒரே பைக்குள்தான் போக வேண்டும்.

செய்து பாருங்கள்

1. சோடா மூடியில் காய்களைச் செய்யுங்கள். 32 மூடியிலும் நீங்களே எழுதுங்கள்.

2. காலியான பலகையில் யானையை எந்தக் கட்டத்தில் வேண்டுமானாலும் வையுங்கள். அது எத்தனை கட்டத்துக்குப் போகலாம் என்று எண்ணுங்கள். இடத்தை மாற்றி மறுபடி எண்ணுங்கள். ஒவ்வொரு தடவையும் 14 வருகிறதா?

3. மந்திரியை வைத்து இதே போல எண்ணுங்கள். நடுவிலும் மூலையிலும் ஒரே எண் வருகிறதா?

4. இன்று ஆடிய ஆட்டத்தில் முதல் 5 தடவை எங்கே எதை நகர்த்தினீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள்.

5. வீட்டில் ஆட்டம் தெரியாத ஒருவருக்குச் சொல்லிக் கொடுங்கள்.